நீர்மான் நடந்த வரப்பு

கொக்குகளுக்கு நெல் தூவி முடிக்கையில் வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. இருட்டுவதற்குள் ராணுவ வாசலைத் தாண்டாவிட்டால் வயலுக்கு வரும் அனுமதி போய்விடும்.

"பெரிய வரப்புல போனா சீக்கிரம் போயிடலாம்" என்றார் தூசிக், மனைவியிடம்.

அந்த வரப்பைக் கோடை வெள்ளம் அறுத்துவிட்டு, கண்ணிவெடி புதைத்த எல்லை வேலிக்கு அப்பாலிருந்து மண்ணைக் கொண்டுவந்து மூடியிருந்தது. மல்சுன் தலையாட்டவில்லை.

"நீர்மான் தடம் இருக்கு பாரு, தெயுன் அம்மா. மான் நடந்தா மனுஷன் நடக்கலாம்" என்றார், பிள்ளை பெயரால் அவளை அழைத்து. கொரிய எல்லையோரச் சொர்வொனில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். அவர் பவர் டில்லரைத் திருப்பினார். பின்னால் காலி டிரெய்லர் தடதடத்தது.

அவள் நடந்தே பின்தொடர்ந்தாள். மண்ணில் குளம்புத் தடம் லேசாக, விரல் அழுத்தியதுபோல இருந்தது. பக்கத்தில் டில்லரின் சக்கரத் தடம் ஒரு சாண் ஆழத்துக்குப் பதிந்திருந்தது. மான் கனம் எவ்வளவு? டாங்கிக்கென்று புதைத்தது மானுக்கு வெடிக்குமா?

"யோவ்! நில்லுய்யா!"

அவர் நிறுத்தினார். முன்சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில், சேற்றிலிருந்து துருப்பிடித்த வட்ட மூடி ஒன்று எட்டிப்பார்த்தது.

"பின்னாடி எடுக்கறேன்."

"டிரெய்லர் கோணலாத்தான் திரும்பும். போன மாசம் நம்ம கொட்டாய்ச் சுவத்த இடிச்சீங்களே. இறங்கி வாங்க."

"வண்டி?"

"வண்டியா நான் கல்யாணம் பண்ணினது?"

அவர் இன்ஜினை அணைத்தார். டிரெய்லர்மேல் தவழ்ந்து, பின்பக்கம் இறங்கி, சக்கரத் தடத்துக்குள்ளேயே காலை வைத்து வைத்து வந்தார். மல்சுன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்தாள். பக்கத்தில் வந்ததும் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"வாசல்ல சொல்லிடாத" என்றார் அவர். "சொன்னா வயலுக்கு வேலி போட்டுடுவாங்க. அப்புறம் இந்த வருஷம் நடவே இல்ல. நாளைக்குக் கயிறு கட்டி இழுத்துக்கலாம்."

ஆள் அரவம் அடங்கியதும் செந்தலைக் கொக்குகள் இரண்டு இறங்கி நெல்லைக் கொத்தின. புதரிலிருந்து நீர்மான் ஒன்று வரப்பில் ஏறியது. டில்லரை முகர்ந்தது. மூடியின்மேல் கால் வைத்து அப்பால் போனது. மல்சுன் அது மறையும்வரை மூச்சு விடவில்லை.

"பாத்தியா, ஒண்ணும் ஆகல."

"அது மான்."

வாசலில் விளக்கு எரிந்தது. தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி சிப்பாய்ப் பையன் நின்றான்.

"காலைல வண்டியோட போனீங்களே, பெரியம்மா. வண்டி எங்க?"

தூசிக் அவள் முழங்கையைப் பிடித்தார். நன்றாக வலித்தது.

"வரப்புல நிக்குது" என்றாள். "அதுக்கு முன்னால கண்ணிவெடி ஒண்ணு கிடக்கு. உங்க பெரியவரக் கூப்பிடு."

தூசிக்கின் பிடி தளர்ந்தது. "பெரிய வரப்பு. யாரையும் அந்தப் பக்கம் விடாத" என்று அவரே பையனிடம் சொன்னார்.