எண்பத்தேழாம் அட்டை

வில்டா ஸ்லோனுக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்று அந்த மலை மாவட்டத்தில் ஒரு தாய்கூடச் சொன்னதில்லை. பதினோரு வருஷமாகச் செவ்வாயும் வியாழனும் சர்ச்சின் நிலவறையில், வீட்டிலிருந்தே படிக்கிற பிள்ளைகளை உட்காரவைத்து, கல்லூரிக்குப் போகும் முன்பே கல்லூரிப் பாடத்தில் தேறவைத்து அனுப்புகிறவள் அவள். கம்ப்யூட்டர் முன்னால் தொண்ணூறு நிமிஷம், நூறு கேள்வி. ஐம்பது வாங்கிவிட்டால் அந்தப் பாடத்தைக் கல்லூரியில் மறுபடி படிக்க வேண்டியதில்லை. அவளே கல்லூரியை இரண்டாம் வருஷத்தில் விட்டவள் என்பதை யாரும் கேட்பதில்லை, அவளும் வாயைத் திறப்பதில்லை.

இந்த வருஷம் சமூகவியல். புத்தகத்துச் சொற்கள் பிள்ளைகள் மண்டையில் நிற்காது, ஊர்க்காரர்கள் நிற்பார்கள் என்பது வில்டாவின் கட்சி. அதனால் ஆளுக்கு நூற்றி நாற்பது அட்டை, எண் போட்டு. முன்பக்கம் விளக்கம், பின்பக்கம் அதன் பெயரும், உதாரணமாக ஊரில் ஒரு ஆளும். பிறப்பால் வந்த அந்தஸ்துக்கு, சுரங்க முதலாளியின் ஒன்றுக்கும் உதவாத மகன். ஒரே ஆளை இரண்டு பொறுப்பு இரண்டு பக்கம் இழுப்பதற்கு, சொந்த மைத்துனனைக் கைது செய்யப் போய் வாசலில் அரைமணி நேரம் நின்ற ஷெரீஃப். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்தது மறக்காது. போன வருஷம் ஆறு பேர் எழுதி ஆறு பேரும் தேறினார்கள்.

ஒரே ஒரு விதி வைத்திருந்தாள்: அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெயர் அட்டையில் வரக்கூடாது. பெரிய நியாயமான விதி என்று அவளுக்கு நினைப்பு. நானூறு பேர் இருக்கிற ஊரில், அறைக்கு வெளியே இருக்கிற எவருமே அறைக்குள் இருக்கிற யாருக்காவது மாமனோ சித்தியோதான் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

ஏப்ரல் கடைசியில் எண்பத்து மூன்றிலிருந்து எண்பத்தேழு வரை நடத்தினாள். ஊர் உலகம் ஒரு இலக்கைக் காட்டுகிறது, அதை அடைய ஒரு வழியையும் காட்டுகிறது. மனிதர்கள் அதற்கு ஐந்து விதமாக நடந்துகொள்கிறார்கள் என்ற பாடம். இரண்டையும் ஏற்று நடப்பவர், இலக்குக்காகக் குறுக்குவழியில் போகிறவர், இலக்கை மறந்து வழியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவர், இரண்டையும் தூக்கிப் போட்டு ஒதுங்கிவிட்டவர், இரண்டையும் மாற்றப் பார்க்கும் கலகக்காரர். தேர்வில் இது வராமல் போகாது. நாலுக்கு ஆள் சுலபமாகக் கிடைத்தது. ஒதுங்கிவிட்டவரைத்தான் கடைசியாக வைத்திருந்தாள்.

"எண்பத்தேழு. இலக்கும் வேணாம், வழியும் வேணாம். யாரு?" என்றாள்.

பாஸ்டரின் மகன் கோல்ட்டன் கையைத் தூக்கவில்லை. சாதாரணமாகச் சொன்னான்: "ட்ரீனா ராட்லிஃப்."

"சரியான பதில்," என்றாள் வில்டா.

பதினோரு வருஷப் பழக்கம். நல்ல பதில் காதில் விழுந்ததும் வாய் முந்திக்கொண்டது. சொல்லி முடித்த பிறகுதான் இரண்டாவது மேஜையில் இருந்த ஷெல்பி ராட்லிஃப் ஞாபகத்துக்கு வந்தாள். ட்ரீனாவின் ஒரே மகள். அந்த நிமிஷமே "இல்ல, அத விடுங்க, வேற சொல்லுங்க" என்றிருக்கலாம். அப்படிச் சொன்னால் இன்னும் பெரிதாகிவிடுமோ என்று பயந்து அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள். அது கோழைத்தனம், அவளுக்கே தெரியும். ஷெல்பி தலையை நிமிர்த்தவில்லை. மற்ற நாலு பேரும் எழுதியது போலவே அவளும் தன் அட்டையின் பின்பக்கத்தில் அம்மாவின் முழுப் பெயரை எழுதினாள்.

ட்ரீனாவைப் பற்றி ஊருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடியவள், பன்னிரண்டாம் நம்பர் சட்டை. முதியோர் விடுதியில் நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகு போயிற்று. முதுகுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் மாத்திரைக்காகவே மாத்திரை. வேலை போயிற்று, கார் போயிற்று, பல்லும் இரண்டு போயிற்று. மளிகைக் கடையில் அவளைப் பார்த்தால் வில்டாவே அடுத்த வரிசைக்குத் தள்ளுவண்டியைத் திருப்பியிருக்கிறாள்.

ஷெல்பி வியாழன் வரவில்லை. அடுத்த செவ்வாயும் இல்லை. தேர்வு வெள்ளிக்கிழமை. அந்தப் பெண் ஏற்கெனவே மூன்று பாடம் தேறியவள், இது நாலாவது. நாலும் இருந்தால் ஆகஸ்டில் எக்ஸ்ரே படிப்பில் அவளுக்கு இடம், விடுதியில் அறை. தவறவிட்டால் மூன்று மாசம் கழித்துத்தான் மறுபடி எழுத விடுவார்கள், அதற்குள் இடம் வேறு யாருக்கோ போய்விடும். அந்த வகுப்பில் மற்ற நாலு பேரும் எப்படியோ பிழைத்துக்கொள்வார்கள். இவளுக்கு இதை விட்டால் அம்மாவோடு இருக்கிற அந்தத் தகர டிரெய்லர் வீடும் அது நிற்கிற மேடும்தான்.

புதன்கிழமை மத்தியானம் வில்டா அந்த மேட்டுக்குக் காரை ஏற்றினாள். வழி நெடுக மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். கதவைத் திறந்தது ட்ரீனா. மெலிந்துதான் இருந்தாள், ஆனால் தலை வாரியிருந்தாள், கண் தெளிவாக இருந்தது. கையில் அட்டைக் கட்டு.

"வாங்க மிஸ் வில்டா. நாந்தான் இவள கேள்வி கேட்டுட்டிருக்கேன். ஒண்ணுகூட விடமாட்டேங்கறா," என்றாள்.

வில்டா உள்ளே போனாள். மேஜையில் பீன்ஸ் சட்டியை ஒதுக்கிவைத்து அட்டைகளைப் பத்துப் பத்தாக அடுக்கியிருந்தார்கள். தாய் கேட்பதும் மகள் சொல்வதுமாக ஒரு வாரமாக இதுதான் நடக்கிறது என்று தெரிந்தது. வகுப்புக்கு வராத பெண் ஒரு நாள்கூடப் படிக்காமல் இருக்கவில்லை.

"ஒரே ஒரு கொற. எண்பத்தாறுக்கு அப்புறம் எண்பத்தெட்டு வருது. எண்பத்தேழக் காணோம். உங்ககிட்ட தங்கிருச்சா?" என்று கேட்டாள் ட்ரீனா.

ஷெல்பி வில்டாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, உத்தரவுதான் இருந்தது.

"எங்கிட்டதான் இருக்கும்," என்றாள் வில்டா. "வீட்ல தேடிப் பாக்கறேன்."

"தேர்வுல அத கேட்டுத் தொலச்சா?"

"அது அவ்வளவு முக்கியமில்ல ட்ரீனா."

மன்னிப்புக் கேட்க வந்தவள் வந்த வேகத்தில் இரண்டு பொய் சொன்னாள். பிறகு ஷெல்பி அவளை வழியனுப்புகிற சாக்கில் படிவரை வந்தாள். வில்டா ஒத்திகை பார்த்ததை விட்டுவிட்டு, தப்பு நடந்துபோச்சு, அந்தப் பையனை அப்போதே அடக்கியிருக்க வேண்டும் என்று என்னவோ உளறினாள்.

"கோல்ட்டன விடுங்க. அவன் வாயி அப்படித்தான்," என்றாள் ஷெல்பி. "நீங்கதான் மிஸ் சரின்னு சொன்னீங்க."

"பழக்கத்துல வந்துருச்சு கண்ணு."

"எங்கம்மா காலைல அஞ்சரைக்கு ரோட்ல நிக்கறாங்க. மாத்திரைய விடறதுக்கு மருந்து குடுக்கற க்ளினிக் வண்டி அப்பத்தான் வரும். பனி பெய்ஞ்சப்பவும் நின்னாங்க. ஏழு மாசமாச்சு. ரெண்டு தடவ வழுக்கி விழுந்தாங்க, மறுபடி போய் நின்னாங்க. இதுக்கு அந்த அஞ்சுல என்ன மிஸ் பேரு?"

வில்டா யோசித்துப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள். ஐந்து கட்டத்தில் எதிலும் ட்ரீனாவை நிற்கவைக்க முடியவில்லை. ஏழு மாசமாக இது நடக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. அஞ்சரை மணிக்கு அந்த ரோட்டில் அவள் போனதில்லை.

"தேர்வுல வந்தா இதெல்லாம் நெனைக்காத. புத்தகத்துல இருக்கறத போடு," என்றாள்.

தான் சொன்னது எவ்வளவு கேவலம் என்று வாயை விட்டு வந்த பிறகு உணர்ந்தாள். ஆனால் அதைவிட உபயோகமாகச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. ஷெல்பி தலையாட்டினாள். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு வந்து கூட்டிப் போக முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

தேர்வு நடக்கிற கல்லூரி ஒன்றரை மணி நேரத் தொலைவு. போகும்போது இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, போனையும் கைப்பையையும் பெட்டியில் பூட்டிவிட்டு ஷெல்பி உள்ளே போனாள். வில்டா தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டாம் வருஷத்தோடு தான் விட்டுவிட்டுப் போன இப்படியொரு தாழ்வாரத்தை நினைத்துக்கொண்டிருந்தாள். தொண்ணூறு நிமிஷம் ஆகும் என்றார்கள். பெண் எழுபதாவது நிமிஷமே வெளியே வந்துவிட்டாள். திரையிலேயே மதிப்பெண் காட்டிவிடும்.

"அறுபத்தொண்ணு," என்றாள்.

வில்டா அவளைக் கட்டிப்பிடித்தாள். அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். அந்தப் பெண்ணின் உடம்பு கட்டை மாதிரி நின்றது. காரில் ஏறி நெடுஞ்சாலைக்கு வந்து பத்து மைல் போன பிறகுதான் ஷெல்பி வாயைத் திறந்தாள்.

"அந்தக் கேள்வி வந்துச்சு மிஸ். வேற ஏதோ பேரு போட்டிருந்தாங்க. வேலையில்ல, மாத்திரை, யாரோடயும் பேச்சில்ல. மத்ததெல்லாம் எங்கம்மா."

வில்டா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் வேற எதையாவது அமுத்தியிருக்கலாம். நூறுல ஒண்ணு. போனா போகட்டும்னு விட்டிருக்கலாம். பயமா இருந்துச்சு மிஸ். அந்த ஒண்ணால ஐம்பது வராமப் போயிட்டா என்ன பண்றதுன்னு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதான் நானும் சரியானதையே அமுத்திட்டேன்."

அதில் தப்பே இல்லை, அது வெறும் பரீட்சை என்று வில்டா சொன்னாள். பிறகும் இரண்டு முறை சொன்னாள். பெண் கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. மீதி வழி முழுக்க ஷெல்பி நகத்தைக் கடித்தபடி வந்தாள்.

டிரெய்லர் வீட்டை ட்ரீனா துடைத்து வைத்திருந்தாள். தரை ஈரம், ஜன்னல்கள் திறந்து கிடந்தன, ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தி அடியில் பெருக்கி மறுபடி தள்ளிவைத்த தடம் தரையில் இருந்தது. அந்த முதுகை வைத்துக்கொண்டு எப்படித் தள்ளினாளோ. மேஜை நடுவில் ஸ்ட்ராபெர்ரி கேக், ஒரு பக்கம் சரிந்துபோய். மகள் மதிப்பெண்ணைச் சொன்னதும் ட்ரீனா வாயைக் கையால் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள். அப்புறம் மூன்று தட்டு எடுத்து வைத்து, கேக்கை வெட்டினாள்.

கேக்குக்குப் பக்கத்தில் அட்டைக் கட்டு, ரப்பர் பேண்ட் போட்டு, ஒழுங்காக. வில்டாவின் கண் அதன் மேல் போவதை ட்ரீனா பார்த்தாள்.

"இனிமே தேட வேணாம் மிஸ் வில்டா. எண்பத்தேழு கெடச்சிருச்சு. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி சொருகியிருந்துச்சு. உரிய இடத்துல வெச்சுட்டேன்."

ஷெல்பியின் கையில் முள்கரண்டி அப்படியே நின்றது. "அம்மா," என்றாள்.

ட்ரீனா மகளின் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள். பழம் கீழே விழுந்ததை எடுத்து மறுபடி மேலே வைத்தாள். "அந்தக் கேள்வி வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்துச்சு."

"அட்டைல இருக்கறததான போட்ட?"

ஷெல்பி தலையாட்டினாள். அவள் கண்ணிலிருந்து வழிந்தது தட்டில் விழுந்தது.

"நல்லவேள," என்றாள் ட்ரீனா. "என்னெ நெனச்சு எங்க மாத்திப் போட்டுருவியோன்னு காலைலேருந்து எனக்கு இருப்பே கொள்ளல."

பிறகு வில்டாவின் பக்கம் தட்டை நகர்த்தி, சாப்பிடச் சொன்னாள். வில்டா சாப்பிட்டாள். கேக் நடுவில் வேகாமல் இருந்தது. அவள் முழுவதையும் தின்று முடித்தாள்.