நிற்கிற சைக்கிளுக்கு ஒரு பிரேக்

தரையைத் தொடாமல் ஸ்டாண்டில் நின்ற அந்தச் சைக்கிள் பதினான்கு வருடத்தில் நான்கு டயர்களைத் தேய்த்தது. இரண்டாவது டயரை மாட்டும்போதுதான் மெக்கானிக்குக் கொஞ்சம் உறுத்தியது. அதுவரை ரப்பர் மட்டம் என்று டயர் விற்றவனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

கடையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒரே அறை. இடது பக்கம் மெக்கானிக்கின் சைக்கிள் கடை, வலது பக்கம் அவர் மனைவியின் காப்பிக் கடை, நடுவில் சுவர் என்று எதுவும் கிடையாது. ஒரு பஞ்சர் ஒட்டுகிற நேரமும் ஒரு கப் காப்பியை ஆறவைத்துக் குடிக்கிற நேரமும் ஒன்றுதான் என்பதைக் கல்யாணமான முதல் மாதமே அவள் கண்டுபிடித்துவிட்டாள். வாசலில் கால் கடுக்க நின்றவர்களுக்கு நாலு ஸ்டூலைப் போட்டாள், அடுப்பை மூட்டினாள், அன்றிலிருந்து தெருவுக்கே காப்பிக்காரம்மா ஆனாள். கப்பின் பிடியில் கிரீஸ் ரேகை இருக்கும், சைக்கிள் சீட்டில் காப்பிக் கறை இருக்கும், யாரும் குறை சொன்னதில்லை. காப்பிக் கொட்டை அரைக்கிற மோட்டார் புகைந்துபோன வருடம் மெக்கானிக் ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்திலிருந்து செயின் இழுத்து அரவை மெஷினோடு சேர்த்தார். காலையில் முக்கால் மணி நேரம் அவள் மிதித்தால் அன்றைய தூள் தயார். பிரேக்கை மட்டும் கழற்றி யாரோ ஒருவர் வண்டிக்கு மாட்டிவிட்டார். "நிக்கிற சைக்கிளுக்கு எதுக்கு பிரேக்?" என்றார். நியாயமான கேள்விதான், அன்றைக்கு யாருக்கும் பதில் தெரியவில்லை.

மிதிக்க ஆரம்பித்த இரண்டாம் வாரமே காப்பிக்காரம்மாவுக்குப் பாதை தெரிய ஆரம்பித்தது. முதலில் கடைத்தெரு, அப்புறம் பாலம், அப்புறம் பெயர் தெரியாத ஊர்கள். சைக்கிளில் அரைத்தால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்து அவள் யாரிடமும் சொல்லவில்லை. இறங்கும்போது காலில் செம்மண் இருக்கும், சில நாள் தோள் நனைந்திருக்கும். லீவில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்த தபால்காரர், ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் அவள் தன்னைத் தாண்டிப் போனதைப் பார்த்தார். கூப்பிட்டும் திரும்பவில்லை, காப்பி வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அதே நேரத்தில் அவள் கடையில் மிதித்துக்கொண்டிருந்ததை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் உண்மை என்பதால் தகராறு எதுவும் வரவில்லை.

ஐந்தாவது வருடம் பாதையில் அவள் அக்கா வீடு வந்தது. அக்கா, தங்கை என்று இரண்டே பேர்தான். அப்பா இறந்தபோது தங்கை ஒரு நாள் தாமதமாகப் போய் நின்றாள். எல்லாம் முடிந்திருந்தது. வீடு நிறைய ஆட்கள் இருக்க, அக்கா வாசலுக்கு வந்து, "வாங்க, விருந்தாளி வந்தாச்சு," என்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தங்கை அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். அந்த ஒரு சொல்லில் பேச்சு நின்றது. பிறகு எத்தனை பேர் சமாதானம் சொல்லியும் கூப்பிடாத வீட்டுக்கு பஸ் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். சைக்கிள் வழியாக அந்த வீட்டைத் தாண்டுவதைத் தபால்காரர் கிண்டல் செய்தபோது, "நான் எங்க போறேன்? கொட்டை அரைக்கிறேன். வழியில வீடு வந்தா நானா பொறுப்பு?" என்றாள். ரோஷக்காரர்களுக்கு இப்படி ஒரு சந்து கிடைத்தால் விடுவார்களா?

அக்கா முதல் வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் வருடம் திருப்பவில்லை. மூன்றாம் வருடத்திலிருந்து சரியாக அந்த நேரத்துக்குத் துணி காயப்போட வந்தாள், துணி இல்லாத நாளில் காய்ந்ததையே எடுத்து மறுபடி போட்டாள். ஆனால் நின்று பேச வழியில்லை. மிதிப்பதை நிறுத்தினால் வீடும் வாசலும் மறைந்து, கடையின் சுண்ணாம்புச் சுவர் முன்னால் வந்து நிற்கும். பிரேக் இருந்தால் நிறுத்தலாம். அவள் கேட்டாள். மெக்கானிக் பிரேக் கட்டை ஸ்டாக் இல்லை என்றார். தலைக்கு மேலே பிரேக் கட்டைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த மாதம் சைஸ் சரியில்லை என்றார், அதற்கடுத்த மாதம் முதுகு வலி என்றார்.

காரணம் வேறு. அப்பா இறந்த செய்தி முந்தின நாள் மதியமே கடைக்குப் போனில் வந்திருந்தது. அப்போது மெக்கானிக் ஒரு சக்கரத்துக்குப் பெண்டு எடுத்துக்கொண்டிருந்தார். மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தார், சக்கரம் அவர் பெண்டை எடுத்ததில் சுத்தமாக மறந்துபோனார். மறுநாள் காலையில்தான் நினைவு வந்தது, இப்போதுதான் போன் வந்தது என்று சொன்னார். சகோதரிகள் இரண்டு நிமிடம் பேசினால் போதும், குட்டு உடைந்துவிடும். உடைந்த பிறகு அவள் எதற்குத் திரும்பி வர வேண்டும்? இந்த ஒரு பயம் அவரை ஒன்பது வருடம் தின்றது.

ஒரு காலை அவள் பாதி அரவையில் இறங்கி, மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். கொடியில் துணியே இல்லையாம். ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்ததாம். "அக்கா பாதியா இளைச்சுட்டா. என்னப் பாத்து கையத் தூக்கினா. நான் தாண்டிப் போயிட்டேன். நிக்க முடியாம தாண்டிப் போயிட்டேங்க!"

மெக்கானிக் எழுந்தார். கொத்திலிருந்து இரண்டு கட்டைகளை உருவினார், ஒரு பழைய ஒயரை எடுத்தார். புது ஒயர் பெட்டி நிறைய இருந்தது. மனசில்லாமல் அவர் செய்த வேலை வாழ்க்கையில் அது ஒன்றுதான் என்று பிற்பாடு அவரே சொன்னார். முடுக்கி முடித்ததும் தலை நிமிராமல் சொன்னார்: "அப்பா போன சேதி முந்தின நாளே வந்துடுச்சு. நான்தான் மறந்துட்டேன். பயந்து மறைச்சுட்டேன். அதையும் அக்காகிட்ட சொல்லிடு."

அவள் ஏறி மிதித்தாள். இருபது நிமிடத்தில் பிரேக் பிடிக்கிற கிறீச் சத்தம் கேட்டது, சக்கரம் நின்றது, சீட் காலியாக இருந்தது. கைப்பிடியில் பிரேக் லீவர் மட்டும் அழுந்தியபடியே நின்றது. அங்கே அவள் எதைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று யாரும் விசாரிக்கவில்லை.

அடுத்த பதினெட்டு நாளும் மெக்கானிக்தான் காப்பி போட்டார். கழுநீர் தேவலாம் என்றார் தபால்காரர், ஆனாலும் தினமும் குடித்தார். அக்கா வீட்டுக்கு போன் செய்து கேட்டிருக்கலாம்தான். போன் விஷயத்தில் தன் ராசி தெரிந்தவர் என்பதால் அவர் அதைத் தொடவில்லை. அவளும் பேசவில்லை. லீவரை விடுவித்தால் போதும், அவள் இங்கே சீட்டில் இருப்பாள். ஒரே ஒரு நட்டு. அதற்கான ஸ்பேனரை அவர் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார், பலமுறை அந்த நட்டில் வைத்தும் பார்த்தார், திருகவில்லை. "இழுத்துட்டு வந்துட்டா வந்தவதானா அது?" என்று தபால்காரரிடம் கேட்டார். தபால்காரர், "காப்பி பொங்குது பாருங்கண்ணே," என்றார்.

பத்தொன்பதாம் நாள் காலை ஒயரின் இழைகள் ஒவ்வொன்றாக அறுவதை மெக்கானிக் கண்டார். அறுந்தால் சக்கரம் ஓடும், அவள் பாதிப் பேச்சில் இங்கே வந்து விழுவாள். ஒரு கட்டையைச் செருகினார், சக்கரம் அதைத் துப்பியது. கயிற்றைக் கட்டினார், அறுத்துப் போட்டது. கடைசி இழை போன கணத்தில் இரண்டு கையாலும் ரிம்மைப் பிடித்துவிட்டார். அவள் வர வேண்டும் என்று ஏங்கிக் கிடந்த மனுஷன், அவள் வராமலிருக்க முழங்காலில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தார். சக்கரம் கையை உரித்தது. வந்தவர்கள் தாங்களே பஞ்சர் ஒட்டிக்கொண்டார்கள், தாங்களே காப்பி போட்டுக்கொண்டார்கள். தபால்காரர் கடிதக் கட்டு முழுவதையும் கீழே வைத்துவிட்டு அவருக்குக் காப்பி புகட்டினார். "விட்டுடுங்கண்ணே, ரத்தம் வருது," என்றார். "பேசட்டும்யா. இன்னும் கொஞ்சம் பேசட்டும்," என்றார் மெக்கானிக்.

மாலை நாலு மணிக்குச் சக்கரத்தின் இழுப்பு நின்றது. பிறகு உள்ளங்கையில் மெதுவாக ஒருமுறை தள்ளியது, கதவைத் தட்டுகிற மாதிரி. கையை எடுத்தார். அவள் சீட்டில் இருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா மதியம் போயிட்டா. கை என் கையிலதான் இருந்துச்சு. இந்தத் தடவ நேரத்துக்கு இருந்தேன்."

அவர் கேட்டார், "என் மேல கோபமா?"

அவள் அவர் கைகளைப் பார்த்தாள், அறுந்த ஒயரைப் பார்த்தாள். "கோபமா? கொதிக்குது. முதல்ல கையக் கழுவி மருந்து போடுங்க, அப்புறம் சண்டை போடலாம்."

போட்டார்கள். மூன்று நாள் தெருவே கேட்டது, நடுவில் காப்பி மட்டும் பழைய ருசிக்குத் திரும்பியது. நான்காம் நாள் காலை அவள் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஒரு கேரியர் மாட்டுங்க," என்றாள். எதற்கு என்று கேட்டதற்கு, "அக்கா பிள்ளைங்க இருக்காங்க. அம்மா ஏன் சித்திகூட இத்தன வருஷம் பேசலேன்னு கேக்குறாங்க. நீங்களே வந்து சொல்லுங்க," என்றாள். மெக்கானிக் நல்ல கேரியராகப் பார்த்து மாட்டினார், புது ஒயரும் போட்டார், பின்னால் ஏறி உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். இருபது நிமிடத்தில் பிரேக் சத்தம் கேட்டது. அன்று கடைக்கு வந்தவர்கள் காலியான சீட்டையும் கேரியரையும் அழுந்திய லீவரையும் பார்த்துவிட்டு, அதில் கை படாமல் ஸ்டூலைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்கள். காற்று அடிக்க வந்தவர்களுக்குத் தபால்காரர் அடித்துக் கொடுத்தார்.