புகை மணி அலறிய மத்தியானம்

அடுப்பில் ரொட்டி கருகியதும், கூரையிலிருந்த புகை மணி வீடே அதிரும்படி அலறியது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால், குழந்தையைக் காணோம். அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அந்த வாண்டு, கட்டிலுக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தது.

“ஒளிஞ்சுக்கிட்டா நான் எப்படிடி கண்டுபிடிப்பேன்? தீ என்ன, உன்கூட கண்ணாமூச்சி ஆடவா வரும்?”

திட்டிய கையோடு பயிற்சியையும் ஆரம்பித்துவிட்டாள். மணி அடித்தால் பொம்மையைக்கூட எடுக்கக் கூடாது. குனிந்தபடியே வெளியே போய், கேட்டைத் தொட்டு, “வந்துட்டேன்!” என்று கத்த வேண்டும்.

“எதுக்குக் கத்தணும்?”

“அப்பதான் நீ உள்ள மாட்டிக்கிட்டியோன்னு யாரும் தேடிப் போக மாட்டாங்க.”

வாண்டுக்கு அது விளையாட்டாகிப் போனது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்ட பிறகு, கேட்டில் தொங்கியபடி கேட்டது:

“அத்தை, உங்க வீட்ல தீப்பிடிச்சா நீங்க யாருகிட்ட கத்துவீங்க?”

“எங்க வீட்ல மணியே இல்ல. வா, மூஞ்சி கழுவலாம்” என்று பேச்சை மாற்றினாள்.

சாயங்காலம் குழந்தையின் அம்மா வந்ததும் கிளம்பினாள். பஸ் பிடித்து, மாடியேறி, தன் அறைப் பூட்டைத் திறந்தாள். வாய் சும்மா இருக்கவில்லை.

“வந்துட்டேன்” என்றாள்.

காலையில் அவள் குடித்துவிட்டு வைத்த டம்ளர், வைத்த இடத்திலேயே இருந்தது.