தேசப்பன் கரையேறிய படம்

"படத்துல நைனா கரைக்கு வந்துருவாரா, பாய்?" என்று சிறுமி லட்சுமி ஒரு மாலை மக்பூலிடம் கேட்டாள்.

"வந்துருவாரும்மா" என்று சொல்லிவிட்டான் மக்பூல். பழவேற்காட்டில் ஜெனரேட்டரும் புரொஜெக்டரும் வாடகைக்கு விடுபவன் அவன்.

லட்சுமியின் அப்பா தேசப்பன் கார்த்திகைப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். பங்குனி பிறந்தும் உடல் ஒதுங்கவில்லை. முகம் பார்க்காமல் பொட்டை அழிக்க மாட்டேன் என்று அவன் மனைவி இருசம்மாள் பிடிவாதமாக இருந்தாள். காரியமும் நடக்கவில்லை.

முந்திய வருஷம் சென்னையிலிருந்து வந்த வேணு, தோணிரேவில் ஊமைப்படம் ஒன்று எடுத்திருந்தான். அதை ஓடவிட்டு, திரையில் தெரிவதைப் பார்த்து அந்த நேரத்தில் தோன்றுவதை அவனும் நண்பனும் வாசிப்பார்கள். வேணுவுக்கு வயலின், நண்பனுக்குத் தகரத் தகடுகள். அதில் தேசப்பன் வருகிறான் என்று தெரிந்ததும் ஊர்ப்பெரியவர்கள் முடிவு சொன்னார்கள்: "படத்துலயாவது முகத்தப் பாத்துக்கோ, இருசம்மா. மறுநாள் காரியம்."

தேசப்பனுக்கு மக்பூல் பட்டிருந்த கடன் யாருக்கும் தெரியாது. ஒருமுறை முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து மூழ்கிய மக்பூலைத் தேசப்பன்தான் தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போட்டான். "ஊட்ல சொல்லாத பாய், உங்கம்மா பயந்துடும்" என்று சிரித்ததோடு சரி.

இருட்டுவதற்கு முன் வேணு தயங்கியபடி வந்தான். "ஃபிலிமோட கடைசித் துண்டுல ஓரத்து ஓட்டையெல்லாம் கிழிஞ்சிருக்கு பாய். மிஷின் பிடிக்காது, நின்னா விளக்குச் சூட்டுல கருகிடும். அங்க வந்ததும் விளக்க அணைச்சிடுங்க."

"அதுல இன்னா சார் இருக்கு?"

"படகு கரைக்கு வர்றது. அந்த ஆளு முகம் தெரியுறதே அங்கதான்."

மக்பூல் ஜெனரேட்டரைக் கிளப்பப் போனான்.

கம்புகளில் கட்டிய படகுப்பாயில் படம் விழுந்தது. தகரம் கிறீச்சிட்டது.

"இன்னாடா இது, கூரை மேல நாய் ஓடுற மாதிரி!" என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்த முனியம்மா. கூட்டம் சிரித்தது.

"பாட்டு எப்ப வரும்?" என்று ஒருவன் கத்தினான்.

ஆனால் திரையில் மீனை வலைக்கு விரட்டப் படகின் விளிம்பைத் தட்டும் காட்சி வந்தபோது, தகரமும் அதே தாளத்தில் தட்டியது. சிரிப்பு அடங்கியது. முதுகைக் காட்டியபடி ஒருவன் கழி ஊன்றிப் படகைத் தள்ளினான். இருசம்மாள் எழுந்து நின்றாள்.

இயந்திரம் கடகடத்தது. படம் நடுங்கி நின்றது. ஓரத்தில் பழுப்பாய் ஒரு கொப்புளம் கிளம்பியது.

மக்பூல் விளக்கை அணைக்கவில்லை. உள்ளே கைவிட்டு, படச்சுருளைக் கீழிருந்து இழுத்தான். விளக்குக் கூண்டு மணிக்கட்டைப் பொசுக்கியது. நிறுத்தினால் தேசப்பன் கருகிப்போவான். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரே சீராக இழுத்தான்.

திரையில் படகு மெல்ல மெல்ல நகர்ந்தது. என்ன நடக்கிறதென்று அறியாத வேணு, அந்த வேகத்துக்கு வயலினை ஒற்றைச் சுரத்தில் இறக்கினான். தகரம் வெறும் உரசலானது. தேசப்பன் திரும்பினான், சிரித்தான், முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகைக் கரையேற்றினான்.

"ஐயோ, என் ராசா!" என்று இருசம்மாள் அலறினாள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். வயலின் அந்த அழுகைக்குக் கீழே அடங்கி, கடைசி வரை கூடவே நின்றது. எல்லோர் கண்ணும் திரையின் மேலிருந்தது.

"எப்படியோ ஓடிடுச்சு பாய்!" என்றான் வேணு, பிறகு.

"அல்லா ஓட்டினான் சார்" என்றான் மக்பூல். மணிக்கட்டில் துண்டு சுற்றியிருந்தது.

பெண்கள் இருசம்மாளைத் தாங்கி வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். விடிந்தால் பொட்டு போய்விடும். அதை மக்பூலால் தடுக்க முடியாது, யாராலும் முடியாது. அவன் தனியே ஏரிக்குப் போய்க் கையை நனைத்தான். உப்புத்தண்ணீர் சுரீரென்றது. அப்படியே தேசப்பனுக்காக அல்லாவிடம் துவா கேட்டான். பிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, ஜெனரேட்டரை அணைக்கப் போனான்.