சபுரா சுத்தியலைத் தொடவில்லை

தினமும் காலை ஏழேகாலுக்கு, அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்று சாத்தூரில் ஜெய்லானியின் கார் பட்டறை வாசலில் நின்று மூன்று முறை ஹாரன் அடிக்கும். சபுராவுக்காகத்தான். அவள் அந்த வேலையை விட்டு நான்கு மாதம் ஆகிறது. இருந்தும் வேனை நிறுத்தச் சொல்லி வைத்திருப்பவன் கூடப்பிறந்த அண்ணன் ஜெய்லானியேதான். ஸ்பேனர் பிடிக்கும் இந்தக் கிறுக்குத் தங்கச்சிக்கு என்றைக்காவது தெளியும் என்று அவனுக்கு நம்பிக்கை. பதினொரு வருடம் வெடிமருந்து கலக்கும் மருந்தறையில் பயந்து பயந்து மூச்சு விட்டவளுக்குத் தெளிந்ததே இப்போதுதான் என்பது அவனுக்கு எங்கே விளங்கப்போகிறது.

அன்றைக்கு அச்சாபீஸ் முதலாளி நவநீதகிருஷ்ணனின் பழைய கார் வந்திருந்தது. இன்ஜினுக்குள் காற்றைப் பங்கிட்டு அனுப்பும் அலுமினியக் குழாய்த் தொகுதி, இன்டேக் மேனிஃபோல்டு, கழன்று வருவேனா என்று அடம்பிடித்தது. நட்டுகளை எல்லாம் கழற்றியாயிற்று. ஜெய்லானி கடப்பாரையால் நெம்பியும் இம்மி அசையவில்லை.

"சுத்தியல எடுத்து ரெண்டு போடு ஜெய்லானி. எம்புட்டு நேரம் கொஞ்சிக்கிட்டு இருப்ப?" என்றார் நவநீதகிருஷ்ணன்.

ஜெய்லானி எடுத்த சுத்தியலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே சபுரா போய் நின்றாள். "அடிக்காதீக. அலுமினியம், விரிசல் விட்டுரும்."

"பொம்பளைக்கு இங்கன என்ன வேலை?" அவர் ஜெய்லானியைத்தான் கேட்டார். தன் முகத்தைப் பார்த்துக் கேட்காதது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"அண்ணே, மத்தியான லுஹர் பாங்கு வரைக்கும் யாரும் கைய வைக்கக் கூடாது. நான் கழட்டுறேன். முடியலைன்னா நாளைக்கு அந்த வேன்ல ஏறிப் போயிருதேன்."

ஜெய்லானி உடனே சுத்தியலைக் கீழே வைத்தான். பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம் அவனுக்கு.

துருவை இளக்கும் எண்ணெய் விட்டாள். மர ஆப்பு வைத்து அழுத்தினாள். மேல்பக்கம் நகக்கண் அளவு விலகியது, கீழ்ப்பக்கம் கல்லாக நின்றது. மணி பதினொன்றரை. நவநீதகிருஷ்ணன் நாற்காலியில் சாய்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ என்று நினைத்தாள். ஒரு கணம் அவள் கையே சுத்தியல் பக்கம் போனது.

போன கை நின்றது. மருந்தறையில் முதல் பாடம், வராததை அடிக்காதே. அங்கே இரும்பால் ஒரு தட்டுத் தட்டினால் தட்டியவரும் மிஞ்ச மாட்டார். எது இறுகினாலும் கையை எடுத்துவிட்டு, எது பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கம்பெனி அவளுக்குக் கொடுத்த ஒரே சொத்து அதுதான்.

வளையலைக் கழற்றி வைத்து மேனிஃபோல்டின் அடியில் கையை விட்டாள். எண்ணெயும் கரியும் அப்பியிருந்த இடத்தைச் சுரண்டச் சுரண்ட ஒரு போல்ட்டின் தலை விரலில் தட்டுப்பட்டது. கீழிருந்து தாங்கும் பட்டையின் போல்ட். எல்லாம் கழற்றியாயிற்று என்ற அண்ணன் மேலே மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் போட்டாள். கிறீச்சென்றது. மேனிஃபோல்டு அவள் இரண்டு கைக்குள் வந்து உட்கார்ந்தபோது பாங்கு இன்னும் சொல்லவில்லை.

"எப்ப ரெடியாகும் ஜெய்லானி?" என்றார் நவநீதகிருஷ்ணன்.

"என்னையக் கேளுங்க," என்றாள் சபுரா. "நாளைக்குப் பத்து மணி. காத்துக் கசியாம புது பேக்கிங் போட்டுத்தான் மாட்டுவேன்."

அவர் ஜெய்லானியைப் பார்த்தார். ஜெய்லானி அந்தப் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஏழேகாலுக்கு ஹாரன் அடித்தது. சபுரா இன்ஜினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இரண்டாவது ஹாரனுக்கே ஜெய்லானி வாசலுக்கு, வேன் டிரைவரிடம் போய்விட்டான்.

"ஏலே மணிமுத்து, இனிமே இங்கன நிறுத்தி ஹாரன் அடிக்காத. எங்க மெக்கானிக் வேலை பாக்குறது தெரியலையா?"