கல்யாணக் கட்டத்தில் நின்றுபோன படம்

எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்த புதிதில், பழைய ஆங்கிலப் படமொன்று போடுகிறார்கள் என்றதும் மருதமுனையில் பாதி ஊர் எங்கள் மண்டபத்தில் வந்து குந்திவிட்டது. முன்னுக்கு ஆண்கள். நடுவில் மெல்லிய கைத்தறிச் சாரியொன்றைத் திரையாகக் கட்டி, பின்னுக்குப் பெண்கள் நாங்கள். சாரிக்கூடாக எங்களுக்குப் படம் தெரியும். அவர்களுக்கு எங்களைத் தெரியாது.

படம் ஒரு நாவலிலிருந்து எடுத்தது. காதலும் சண்டையும் சிரிப்புமான கதை. என் மூத்தவள் சுல்பிகா ராத்தா அந்த நாவலை நூலகத்தில் எடுத்து வாசித்து எனக்கும் முழுதாகச் சொல்லியிருந்தாள். ஆகவே தமிழில் சொல்லும் வேலை அவளுக்கு. ஆனால் கல்யாணம் பேசிய பெண்ணின் குரல் ஆண்கள் பக்கம் போகலாமா? ராத்தா காதுக்குள் சொல்ல, உம்மு மாமி அதைத் திரைக்கு அப்பால் உரத்துக் கத்துவாள். மாமியின் வாயில் காதல் வசனம் வந்தபோதெல்லாம் மண்டபமே சிரித்து உருண்டது.

ராத்தாவுக்கு வெள்ளிக்கிழமை நிக்காஹ். அவளுக்கோ ஆசிரியர் கலாசாலைக்குப் போக ஆசை. கல்யாணம் பேசி வந்த அன்று வாப்பா மாப்பிள்ளை வீட்டு ஆண்களோடு இதே மாதிரி ஒரு திரைக்கு அப்பால் நின்றுதான், "சம்மதமா மகள்?" என்று கேட்டார். அவள் பேசவில்லை. பெண் பேசாமலிருந்தால் சம்மதம் என்பது எங்கள் வழக்கம். அன்றைக்கே சர்க்கரை பங்கிட்டாயிற்று. அவள் அழுததை நான் மட்டும் பார்த்தேன்.

படத்தில் கல்யாணக் கட்டம் வந்தது. வெள்ளை உடுப்பில் மணப்பெண், பக்கத்தில் பிடிக்காத மாப்பிள்ளை. பாதிரியார் அவளிடம் ஏதோ கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். அவ்வளவுதான், பெட்டி கறுத்துப் போனது. ஊருக்கு இன்னும் கரண்ட் வராததால் பெட்டிக்கு உயிர் கொடுத்தது வாப்பாவின் உழவு மெசின் பற்றறி. படத்துக்கு முன்னால் சிங்களச் செய்தியிலிருந்து சவர்க்கார விளம்பரம் வரை ஒன்று விடாமல் பார்த்து அதைத் தீர்த்திருந்தோம்.

லாம்பு கொளுத்தினார்கள். ஒருவரும் எழும்பவில்லை.

"உம்மு, அந்தப் புள்ள என்ன சொன்னெண்டு கேளு," என்றார் வாப்பா.

மாமி காதை நீட்டினாள். ராத்தா அவள் காதுக்குக் குனியவில்லை. சாரித் திரையைப் பார்த்தபடி தன் குரலிலேயே சொன்னாள்.

"எனக்கு விருப்பமில்ல எண்டு சொன்ன, வாப்பா."

நாவலில் அப்படி இல்லவே இல்லை. மாப்பிள்ளைதான் கடைசியில் வேண்டாம் என்று விட்டுப் போகிறான். அவளுக்கு மறுத்துச் சொல்லும் வேலையே வருவதில்லை. என் கூடப் பிறந்தவளை அன்றைக்குத்தான் முதன்முதல் பார்ப்பவள் போல வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாப்பா எழும்பித் திரைக்குக் கிட்ட வந்தார்.

"அதுக்கு அந்தப் புள்ளட வாப்பா என்ன சொன்ன?"

"அது தெரியா வாப்பா," என்றாள் ராத்தா. "இன்னும் ஒண்டும் சொல்லல்ல."

சாரியின் கரைக்குக் கீழே வாப்பாவின் இரண்டு பாதங்களும் லாம்பு வெளிச்சத்தில் தெரிந்தன. அவை முன்னுக்கும் வரவில்லை, பின்னுக்கும் போகவில்லை.