ரோஸ்லின் கரை திரும்பியது

1

இந்தக் கதையை நான் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம், நோயலீன் ப்ரூவிட்டுக்குத் தமிழ் தெரியாது என்பதுதான்.

மொழிப்பற்று, மண்வாசனை என்று எதையாவது எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னியுங்கள். பதினெட்டு வருடமாக டாரன்ட் குடாவில் இருக்கிறேன். மளிகைக் கடையில், பல் டாக்டரிடம், பக்கத்து வீட்டு நாயிடம் எல்லாம் இங்கிலீஷ்தான். கனவுகூடப் பாதி அதில்தான் வருகிறது. இந்த ஒரு சங்கதியை மட்டும் ஊரில் யாருக்கும் புரியாத எழுத்தில் எழுத வேண்டியிருக்கிறது. (இங்கே இன்னொரு தமிழ்க் குடும்பம் இருந்தது. போன மாசி மாதம் அடிலெய்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வண்டி ஏறிய வாரம்தான் எழுத ஆரம்பித்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கம் ஒன்று: "ஜூன் மாதக் கடல் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல"

வேண்டாம். ஒரு மனுஷன் செத்துப்போயிருக்கிறான். கடல் என்ன நிறத்தில் இருந்தால் என்ன?

தொடக்கம் இரண்டு: "வலைப்பக்கத்தைப் பிரித்துப் படிப்பதற்குப் பைத்தான் நிரல்மொழியில் ஒரு கிளாஸ், அதாவது தயார் நிரல்துண்டு, உண்டு."

இது பரவாயில்லை. உண்மையாவது. வலைப்பக்கத்தின் மூல எழுத்து முழுக்க டேக்குகளாக, அதாவது குறிகளாக இருக்கும். இங்கே தடித்த எழுத்து ஆரம்பம், இங்கே முடிவு. இங்கே குறுக்குக்கோடு ஆரம்பம், இங்கே முடிவு என்று சோடி சோடியாக. முடிவு டேக்குக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த எழுத்தை இந்தக் கிளாஸுக்கு ஊட்டினால், அது தலையிலிருந்து கால்வரை படித்துக்கொண்டே போய் மூன்று சமயங்களில் உங்களைக் கூப்பிடும்: டேக் திறந்தால், டேக் மூடினால், நடுவே வெறும் எழுத்து வந்தால். கூப்பிட்டால் என்ன செய்வது என்பதை நாம் எழுதிக்கொடுக்க வேண்டும்.

திறந்தது மூடாமலே போனால் அது ஒன்றும் கேட்காது. அதைக் கேட்பது எழுதியவனுடைய வேலை. எழுதியவன் நான்.

3

நோயலீனுக்கு அறுபத்தொன்பது வயது. படகுத் துறைக்கு மேலே தகரக் கொட்டகையில் எங்கள் ஊர்த் தன்னார்வக் கடல் வானொலியை இருபது வருடம் நடத்தியவர். மீன்பிடிக்கப் போகும் படகெல்லாம் கிளம்பும்போது அவரைக் கூப்பிட்டு, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். திரும்பியதும் மறுபடி கூப்பிட வேண்டும். கூப்பிடவில்லை என்றால் தேட ஆள் கிளம்பும்.

கிளாரி வோஸ் என்றொரு கிழவர் வாரம் மூன்று நாள் கிளம்புவார். அலுமினியப் படகு, செத்துப்போன மனைவியின் பெயர் அதற்கு. வீட்டில் வேறு யாரும் இல்லை. வானொலியில் அவர்கள் பேசுவதைக் கேட்கவே நான் சனிக்கிழமை சனிக்கிழமை கொட்டகைக்குப் போவேன்.

"டாரன்ட் குடா, இது ரோஸ்லின். ஒரே ஆளு. ரெண்டு மணிக்கு வந்துருவேன்."

"ஒரே ஆளுன்னு சொல்லிட்டு நாலு ஆளுக்கு சாண்ட்விச் கட்டிட்டுப் போறியே, கிளாரி."

"மீனுக்கும் பசிக்கும்ல. நீ உன் கேக்கைப் பாரு, இங்க வரைக்கும் தீயற வாசனை வருது."

"வாயை மூடு. லைஃப் ஜாக்கெட் போட்டியா?"

"எதுக்கு? தொப்பை இருக்கு, மிதப்பேன்."

"போடுடா, மடையா."

கிளம்பிய படகுகளை நோயலீன் ஒரு வலைப்பக்கத்தில் அட்டவணையாகப் போடுவார். 2004இல் ஊர் நூலகத்தில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டது. டேக்குகளைக் கையாலேயே தட்டுவார். ஒரு படகு திரும்பினால் அதன் வரிசைமேல் குறுக்குக்கோடு. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் பாதி வீட்டில் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைப்பார்கள். அரை மணிக்கு ஒருமுறை நோயலீன் திரையில் விரலை வைத்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரிசையாகத் தடவிக்கொண்டே வருவார். திரை முழுக்க வெண்ணெய் ரேகையாக இருக்கும்.

அதைப் பார்த்துத்தான் எனக்குள் இருந்த கெட்டிக்காரன் விழித்துக்கொண்டான். நான் ஒரு மிஷின் செய்து தந்தேன். அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நோயலீனின் பக்கத்தை அந்தக் கிளாஸுக்கு ஊட்டும். நேரம் கடந்தும் கோடு விழாத படகு இருந்தால் மணி அலறும். எல்லாம் திரும்பிவிட்டால் பச்சை விளக்கு எரியும். (மிஷினைக் கொடுத்த அன்றைக்கு நான் அவரிடம் இன்னொரு வாக்கியமும் சொன்னேன். அதை இந்தக் கதையில் எழுதலாமா, வேண்டாமா என்று

4

இங்கே நோயலீனைக் கொஞ்சம் மறதிக்காரியாக ஆக்கிப் பார்த்தேன். கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவர், அடுப்பில் கேக்கை மறந்தவர் என்று இரண்டு பத்தி. நன்றாகத்தான் வந்தது. படிப்பவர்களுக்கு அவர்மேல் ஒரு செல்லச் சலிப்பு வரும். பிறகு நடப்பதற்கு அது வசதியாக இருக்கும்.

அடித்துவிட்டேன். இருபது வருடத்தில் ஒரு படகை அவர் மறந்ததில்லை. கேக் தீய்ந்தது உண்மை. அது ஒரு படகு நங்கூரம் சிக்கிக்கொண்டது என்று கூப்பிட்டதால் தீய்ந்தது.

5

ஜூன் பதினான்கு, சனிக்கிழமை. இங்கே அது குளிர்காலம். பதினோரு படகுகள். ரோஸ்லின் ஏழாவது வரிசை.

மத்தியானம் காற்று எழுந்தது. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டே கரையேறின. நோயலீன் ஒரு காதில் வானொலியும் ஒரு கையில் தட்டச்சுமாக இருந்தார். நான் ஓரமாக உட்கார்ந்து அச்சு எந்திரத்தில் சிக்கிய காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். நாலே முக்காலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

"கிளாரி சத்தத்தையே காணோமே, செங்கு. உள்ள வந்துட்டானா?" என்றார் நோயலீன். (என் பெயர் செங்குட்டுவன். முதல் நாளே அதை அவர் பாதியாக அறுத்துவிட்டார்.)

சொல்லிக்கொண்டே விரலைத் திரைப்பக்கம் நீட்டினார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விரல் முதல் வரிசைக்கு வந்துவிட்டது.

"நீங்க லிஸ்ட்டைப் பாக்க வேண்டாம், நோயலீன். மிஷின் பாத்துக்கும்" என்றேன்.

அந்த வாக்கியம்தான். மிஷினைக் கொடுத்த அன்று சொன்னதும் அதுதான். அன்றைக்கு அவர் சிரித்துக்கொண்டே, "அப்போ என் விரலுக்கு ரிட்டயர்மென்ட்டா?" என்று கேட்டிருந்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "வந்தா ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்க மாட்டானே, கடங்காரன்" என்று திட்டிக்கொண்டே விரலை எடுத்தார். கொட்டகையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் போனோம்.

6

மாற்று முடிவு: கிளாரி பக்கத்துத் துறையில் கரையேறி, மது விடுதியில் யாரிடமோ மீன் கதை அளந்துகொண்டிருந்தார். மறுநாள் நோயலீன் அவரைப் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். "செத்துட்டேன்னு நெனைச்சியா? உனக்குத்தான் ஆசை" என்றார் கிளாரி.

இந்த முடிவை ஆறு தடவை எழுதினேன். கிளாரிக்கு எழுதும் வசனம் எல்லாம் எனக்குச் சுலபமாக வருகிறது. அதனாலேயே பயமாக இருக்கிறது.

7

மறுநாள் காலை ஏழு மணிக்கு, துறையில் கிளாரியின் வண்டியும் காலி டிரெய்லரும் நிற்பதை நோயலீன்தான் பார்த்தார். கண்ணாடிமேல் பனி வெள்ளையாக உறைந்திருந்தது. நண்பகலில் கவிழ்ந்த படகைக் கண்டுபிடித்தார்கள். கிளாரி நங்கூரக் கயிற்றால் தன்னைப் படகோடு கட்டிக்கொண்டிருந்தார். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்.

முந்தின நாள் இரவு எட்டு மணி வரை உயிர் இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். கிளாரி அன்று இரண்டரைக்குத் திரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போனவர்; மிஷின் மணி அப்போதே அலறியிருக்க வேண்டும். இரண்டரைக்கும் எட்டுக்கும் நடுவே எத்தனை மணி நேரம் என்று நான் விரல் விட்டு எண்ணினேன், ஏதோ அது எனக்குத் தெரியாததுபோல.

அன்று சாயங்காலம் சனிக்கிழமையின் பக்கத்தை எடுத்து அதே கிளாஸுக்கு மறுபடி ஊட்டினேன், ஒவ்வொரு வரிசைக்கும் அது என்ன நினைக்கிறது என்று அச்சிடச் சொல்லி. நாலாவது வரிசை: கரை திரும்பியது. சரி. ஐந்தாவது: கரை திரும்பியது. ஆறாவது: கரை திரும்பியது. ஏழாவது: ரோஸ்லின், ஒரு ஆள், கரை திரும்பியது.

நாற்காலியை விட்டு எழுந்து சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்தும் அந்த வரி தெரிந்தது.

நாலாவது வரிசையில் நோயலீன் குறுக்குக்கோட்டைத் திறந்திருந்தார். மூடும் இடத்தில் சாய்கோடு விட்டுப்போயிருந்தது. உலாவியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உலாவி பெருந்தன்மைக்காரன், அட்டவணையில் ஒரு கட்டம் முடிந்தால், மூட மறந்த கோட்டைத் தானே மூடிவிடும். பக்கத்தில் ரோஸ்லின் கோடு விழாமல், வரவில்லை என்று அப்படியேதான் இருந்தது. அந்த விரல் ஏழாவது வரிசை வரை இறங்கியிருந்தால் கண்டுபிடித்திருக்கும்.

என் நிரலில் இருந்தது ஒரே எண்ணிக்கை. கோடு திறந்தால் ஒன்று ஏறும், மூடினால் ஒன்று இறங்கும்; பூச்சியமாக இல்லாத வரை, படகு கரையேறியது என்று அர்த்தம். மூடாவிட்டால்? நான் சோதித்துப் பார்த்த பக்கங்களெல்லாம் நானே எழுதியவை. அவற்றில் எல்லாம் ஒழுங்காக மூடியிருந்தது. ஆக, நாலாவது வரிசைக்குக் கீழே இருந்த அத்தனை படகும் என் கணக்கில் கரையேறிவிட்டன.

புது வரிசை தொடங்கும்போது எண்ணிக்கையைப் பூச்சியமாக்கு. சேர்க்க வேண்டியது அந்த ஒரு வரி. சேர்க்க எனக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. சேர்த்த பிறகு ஊட்டிப் பார்த்தேன். மணி வீடு அதிர அலறியது.

பழைய பக்கங்களையும் தோண்டினேன். மிஷின் வந்த எட்டு மாதத்தில் அவர் நான்கு முறை சாய்கோட்டை விட்டிருந்தார். நான்கு முறையும் கீழே இருந்த படகுகள் தாமாகவே வந்து சேர்ந்திருந்தன. நான்கு தடவை இந்தக் கொலை நடக்காமல் போயிருக்கிறது, எங்களில் ஒருவருக்கும் தெரியாமல்.

8

திங்கட்கிழமை நோயலீன் என் வீட்டுக்கு வந்தார். திரையில் அந்தப் பக்கத்தின் மூல எழுத்து திறந்திருந்தது. அவர் விரலை வைத்துத் தடவிக்கொண்டே வந்து நாலாவது வரிசையில் நின்றார்.

"நான் மூடல" என்றார்.

இங்கேதான் ஒரு நல்ல எழுத்தாளனும் ஒரு நல்ல மனுஷனும் ஒரே வசனத்தைப் பேசியிருப்பார்கள். நான் பேசியது வேறு.

"மூடல, நோயலீன்."

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"நான்தானே கிளாரிய..."

"அப்படிச் சொல்லாதீங்க."

"நீ என்னடா பண்ணுவ, கண்ணு. மிஷின் சொன்னதைத்தானே நீ சொன்ன. மிஷினுக்குத் தப்பா சொல்லிக் குடுத்தது நான்."

வானொலிக் குழுவின் அறிக்கையில் 'தட்டச்சுப் பிழை' என்று இருக்கிறது. மிஷின் இனிமேல் இப்படிப்பட்ட பிழைகளையும் பொறுத்துக்கொள்ளும்படி மேம்படுத்தியதற்காக எனக்கு நன்றி சொல்லி ஒரு தீர்மானம் வேறு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நோயலீன் கொட்டகைச் சாவியை ஒரு உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார். துறைப் பக்கமே வருவதில்லை. கடைக்குப் போனால், கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை திரும்பிவந்து இழுத்துப் பார்க்கிறார்.

9

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நான் எட்டாவது பகுதியை எழுதிக்கொண்டிருந்தபோதே கதவைத் தட்டிவிட்டு அவர் உள்ளே வந்துவிட்டார், ஒரு தட்டில் எலுமிச்சைக் கேக்கோடு. கடந்த ஒரு வருடமாக வாரம் தவறாமல் கொண்டுவருகிறார். நான் நல்லவனாக நடந்துகொண்டேனாம்.

"என்ன இது, உங்க ஊரு எழுத்தா? ஜிலேபி ஜிலேபியா அழகா இருக்கே. நான் இதுல இருக்கேனா?"

"இருக்கீங்க."

"கிளாரி?"

"இருக்கார்."

அவர் விரலைத் திரையில் வைத்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக, மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியாக. ஒரு எழுத்தும் தெரியாமல் எதைத் தேடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. மூன்றாவது பகுதியின் கடைசி வரியில் விரல் நின்றது.

"இங்க ஒரு அடைப்புக்குறி தெறந்திருக்கு, செங்கு. எங்கயும் மூடின மாதிரி தெரியலியே."

நான் அந்த வரியைப் பார்த்தேன்.

"மூடிரு, கண்ணு. மூடலைன்னா என்ன ஆகும்னு நமக்குத்தான் தெரியுமே."

"சரி" என்றேன்.

"என்ன எழுதியிருக்க அதுக்குள்ள?" என்று கேட்டவர், நான் பதில் சொல்வதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கண்ணாடியைத் துடைத்தார். "இல்ல, அதை மட்டும் வேண்டாம். மொதல்லருந்து படிச்சுக் காட்டு. எனக்குப் புரியற மாதிரி, ஒவ்வொரு வரியா."

பக்கத்தை மேலே நகர்த்தினேன். அவர் விரலை முதல் வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

முதல் வரி என்னவென்று உங்களுக்குத் தெரியும். அங்கே வேறு எதையாவது இருப்பதாக நான் படித்துக் காட்டலாம், அவருக்குத் தெரியப்போவதில்லை. கடல் ஈய நிறத்தில் இருந்தது என்று ஆரம்பிக்கலாம். அவர் கேட்டுக்கொண்டே கேக்கை வெட்டுவார். நான் எதைப் படித்தேன் என்பதை உங்களிடமே விடுகிறேன். அடைப்பை இன்னும் மூடவில்லை.